ஐரோப்பிய மாளிகைகளில் ஜப்பானிய உருஷி மரச்சாமான்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானியக் கைவினைஞர்கள் ஐரோப்பியர்களுக்காகச் செய்து அனுப்பிய கறுப்பும் பொன்னுமான பெட்டகங்கள், அலமாரிகள், அவற்றை வாங்கிய அரசர்கள், பேரரசிகள், வணிகர்கள் ஆகியோரைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. இப்பொருட்களின் அழகைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அவற்றின் மேற்பரப்புக்கு என்ன நேர்ந்தது என்பது அதே அளவு கவனிக்கத்தக்கது; ஆகவே இப்பக்கத்தில் அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

உருஷி என்பது நம் ஊர் அரக்குதானா?

இல்லை. நம் நாட்டில் அரக்கு என்று வழங்குவது, மரக்கிளைகளில் கூட்டமாக வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின். அதைச் சுத்தம் செய்து தகடாக்கிய அவலரக்கைத் தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்து மரத்துக்குப் பாலிஷாகப் பூசுவார்கள். உருஷி என்பதோ கிழக்காசியாவில் வளரும் ஒரு மரத்தின் பால். பட்டையைக் கீறினால் கசியும் இந்தப் பாலைச் சொட்டுச் சொட்டாகச் சேகரிக்கிறார்கள். பத்து முதல் பதினைந்து ஆண்டு வளர்ந்த ஒரு மரத்திலிருந்து ஒரு பருவத்தில் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் மட்டுமே கிடைக்கும்; ஜப்பானில் பரவலாகக் கையாளப்படும் முறையில், அந்த ஒரு பருவத்தோடு மரம் வெட்டப்பட்டுவிடும்.

மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகியவை சேர்ந்த அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது இந்த மரம். சேராங்கொட்டைச் சாறு பட்டால் தோல் கொப்பளிப்பதைப் போலவே, காயாத உருஷி பட்டாலும் அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். நன்கு காய்ந்து இறுகிய பிறகு அந்த நச்சுத்தன்மை இருப்பதில்லை. இறுகிய உருஷி ஆல்கஹாலில் கரையாது, அமிலத்துக்கும் எளிதில் அசையாது. அவலரக்குப் பூச்சு ஆல்கஹால் பட்டவுடன் இளகிவிடும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால், கீழே பழுதுபார்ப்பைப் பற்றிச் சொல்லப்படுபவை தெளிவாக விளங்கும்.

அது எப்படிக் காய்கிறது?

நீர் ஆவியாவதால் அன்று. உருஷியில் உள்ள லாக்கேஸ் என்ற நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. இந்த வேதிவினைக்கு வெதுவெதுப்பும் ஈரமும் தேவை. ஆகவே பூச்சு முடிந்த பொருளை, 70 முதல் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள மூடிய அறையிலோ அலமாரியிலோ வைத்துத்தான் இறுகச் செய்கிறார்கள்.

ஒரு பெட்டகத்தைச் செய்து முடிக்க ஏன் அவ்வளவு காலம் ஆகிறது?

தடிமனாகப் பூசினால் உருஷியின் மேற்புறம் சுருங்கிவிடும், உட்புறம் இறுகாது. எனவே மிக மெல்லிய படலங்களாகப் பூசி, ஒவ்வொன்றையும் இறுகவிட்டு, தேய்த்துச் சமப்படுத்தி, அதன்மேல் அடுத்ததைப் பூச வேண்டும். முதலில் மரத்தின் இணைப்புகளையும் குழிகளையும் நிரப்புவார்கள். பிறகு வலுவுக்காகத் துணி ஒட்டுவார்கள். அதன்மேல் நுண்ணிய களிமண் தூளும் உருஷியும் கலந்த அடிப்பூச்சு பல முறை வரும். அதற்குப் பிறகே கறுப்பு உருஷியின் நடுப்பூச்சும் மேற்பூச்சும். தேய்ப்பதற்கு மரக்கரியைப் பயன்படுத்துவார்கள்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் மாகி-எ தொடங்குகிறது. உருஷியால் ஒரு கோட்டையோ இலையையோ வரைந்து, அது இறுகுவதற்குள் மூங்கில் அல்லது இறகுத்தண்டுக் குழாயிலிருந்து பொன்துகளையோ வெள்ளித்துகளையோ அதன்மேல் தூவுவதே அந்தக் கலையின் அடிப்படை. தூவிய வேலையைத் தட்டையாக விடலாம். மேலே கறுப்பு பூசி மூடி, மீண்டும் கரியால் தேய்த்துப் பொன்னை வெளிக்கொணரலாம். அல்லது அடியில் உருஷியும் தூளும் கொண்டு மேடாக்கி, மலையும் பாறையும் புடைத்து நிற்கச் செய்யலாம். மிகச் சிறந்த பெட்டகங்களில் இம்மூன்று முறைகளும் ஒரே காட்சிக்குள் சேர்ந்து வருகின்றன. தொலைவிலுள்ள மேகம் தேய்த்தெடுத்த பொன்னிலும், அருகிலுள்ள கூரை புடைப்பு வேலையிலும் அமைந்திருப்பதைப் பக்கவாட்டு ஒளியில் பார்த்தவர்கள், புகைப்படம் இப்பொருட்களுக்கு எவ்வளவு குறைந்த நீதியைச் செய்கிறது என்பதை உடனே உணர்வார்கள்.

ஜப்பானியர் தம் வீடுகளில் இத்தகைய பெட்டகங்களைப் பயன்படுத்தினார்களா?

ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் நாம் காணும் வடிவங்கள் பெரும்பாலும் ஜப்பானிய வீட்டில் இடம்பெற்றவை அல்ல. பாயில் அமர்ந்து வாழ்ந்த சமூகத்தில் உருஷி வேலை எழுதுகோல் பெட்டிகள், தாழ்ந்த எழுத்து மேசைகள், திறந்த தட்டுகள், அழகுசாதனப் பெட்டிகள், உணவுக் கலங்கள் ஆகியவற்றில் உச்சம் பெற்றது. அதற்குத் தலைசிறந்த சான்று, ஷோகுன் (ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்) இயெமிட்சுவின் மகள் சியோஹிமேயின் திருமணத்துக்காகக் கோவாமி நாகஷிகே செய்து 1639இல் கொண்டுசெல்லப்பட்ட சீர்வரிசை. அது இன்று நகோயாவிலுள்ள தொகுகாவா கலை அருங்காட்சியகத்தில் தேசியச் செல்வமாகப் பாதுகாக்கப்படுகிறது. வளைந்த மூடியுள்ள பெட்டகம், முன்பலகை கீழே மடங்கும் எழுத்துப்பெட்டி, இரு கதவுகளுக்குப் பின்னே இழுப்பறைகள் நிறைந்த அலமாரி ஆகியவை ஐரோப்பியர் கேட்டதால் ஜப்பானில் தோன்றிய வடிவங்கள்.

முதலில் கேட்டவர்கள் யார்?

போர்த்துகீசியர்கள். அவர்கள் 1543இல் தனேகஷிமா தீவில் வந்திறங்கினார்கள். 1549இல் பிரான்சிஸ் சேவியரும் அவரைத் தொடர்ந்து பிற ஜெசூட் துறவிகளும் வந்தார்கள். தேவாலயத்துக்குத் தேவையான மடக்குப் புத்தகத் தாங்கிகள், நற்கருணை அப்பம் வைக்கும் வட்டப் பெட்டிகள், சிறு பலிபீட மாடங்கள் ஆகியவற்றைக் கியோட்டோவின் பட்டறைகளில் செய்யச் சொன்னார்கள். ஜெசூட் சபையின் முத்திரை எழுத்துகள் முத்துச்சிப்பியில் பதிக்கப்பட்ட தாங்கிகள் இன்றும் உள்ளன. தெற்கிலிருந்து கப்பலில் வந்த அந்நியரை ஜப்பானியர் நன்பான் என்று அழைத்ததால், இவ்வகைப் பொருட்களுக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

நன்பான் பொருட்களை முதல் பார்வையிலேயே அடையாளம் காணலாம். கறுப்புப் பரப்பில் ஓர் அங்குல இடமும் விடாமல் பொன்கொடிகளும் முத்துச்சிப்பித் துண்டுகளும் நெருக்கமாக நிரம்பியிருக்கும். ஓரங்களில் முக்கோணங்களும் வட்டங்களும் வரிசையாக ஓடும். இந்த நெருக்கத்துக்கு இந்தியாவும் ஒரு காரணம். குஜராத்தில் செய்யப்பட்ட முத்துச்சிப்பிப் பெட்டிகளைக் கோவா வழியாகப் போர்த்துகீசியர் ஏற்கெனவே பெருமளவில் வாங்கிக்கொண்டிருந்தனர். அந்தச் சுவையோடுதான் அவர்கள் ஜப்பானுக்கும் வந்தார்கள். பொன்கொடிகளின் தட்டையான வேலையோ, ஜப்பானிய ஆட்சியாளர் தொயோதோமி ஹிதேயோஷியின் நினைவாக அவருடைய மனைவி 1606இல் நிறுவிய கொதாய்ஜி ஆலயத்தின் உருஷி அலங்காரத்தோடு நெருங்கிய உறவுடையது. திருக்கை மீனின் தோலைப் பரப்பி, அதன் பருக்களுக்கிடையே உருஷியை நிரப்பித் தேய்த்த பெட்டகங்களும் இக்காலத்தில் செய்யப்பட்டன.

டச்சுக்காரர்கள் வந்த பிறகு என்ன மாறியது?

கிறித்தவ சமயம் 1614இல் தடை செய்யப்பட்டது. போர்த்துகீசியர் 1639இல் வெளியேற்றப்பட்டார்கள். ஹிராடோவில் 1609 முதல் வணிகம் செய்துவந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1641இல் நாகசாகி துறைமுகத்திலுள்ள தெஜிமா என்ற செயற்கைத் தீவுக்கு மாற்றப்பட்டது. அதன் பின் ஐரோப்பியருள் ஜப்பானோடு நேரடியாக வணிகம் செய்தவர்கள் அவர்கள் மட்டுமே.

முத்துச்சிப்பி நெருக்கம் மெல்ல மறைந்தது. கறுப்பு வெளியை அப்படியே விட்டு, ஒரு மூலையில் பாறை, பைன் மரம், ஒரு சிறு மண்டபம், பறந்து செல்லும் பறவைகள் என்று பொன்னில் வரையும் ஓவியப் பாணி 1630களில் உருவானது. வடிவங்களிலும் இரண்டு கதவு அலமாரியே முதன்மை பெற்றது. ஐரோப்பாவை அடைந்ததும் அதற்கு உள்ளூரில் செதுக்கிப் பொன்முலாமோ வெள்ளிமுலாமோ பூசிய உயர்ந்த கால்சட்டம் செய்து, விருந்தினர் பார்க்கும் அறையில் நிறுத்தினார்கள். லண்டனுக்கு அருகிலுள்ள ஹாம் ஹவுஸ் மாளிகையில் இந்த ஏற்பாட்டை இன்றும் காணலாம். பரிசுப் பொருளாகவும் இவை பயன்பட்டன. நெதர்லாந்தின் ஆட்சிமன்றம் சுவீடன் அரசர் குஸ்டாவஸ் அடால்பஸுக்கு 1616இல் அனுப்பிய பெட்டகம் கிரிப்ஸ்ஹோம் கோட்டையில் இருக்கிறது.

விலை கூடிக்கொண்டே போனதால், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனி தன் பெயரில் பெரிய பெட்டகங்களை வாங்குவதைக் கைவிட்டது. கம்பெனி அலுவலர்கள் தம் சொந்தக் கணக்கில் வாங்கியனுப்பியதால்தான் வரத்து முற்றிலும் நின்றுவிடவில்லை.

ஏற்றுமதிக்காகச் செய்தவை தரம் குறைந்தவை என்று சொல்வது சரியா?

பாதி சரி. ஆண்டுக்கு ஒருமுறை வரும் கப்பல் புறப்படும் நாளுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால், பல பட்டறைகள் அடிப்பூச்சில் உருஷிக்குப் பதிலாக விலங்குப் பசையைக் கலந்தன. பொன்துகளோடு மலிவான உலோகத் துகளையும் சேர்த்தன. மூலப்பொருளிலும் கலப்பு இருந்தது. சயாம் நாட்டின் அயுத்தயாவிலிருந்து டச்சுக் கப்பல்கள் வேறொரு மரத்தின் பாலை ஜப்பானுக்கு ஏற்றிச் சென்றன. நன்பான் பெட்டகங்களின் துணுக்குகளை வேதிப் பகுப்பாய்வு செய்த ஆய்வாளர்கள் ஜப்பானிய உருஷியோடு இந்தத் தென்கிழக்காசியப் பாலையும் அவற்றில் கண்டறிந்திருக்கிறார்கள். விலங்குப் பசை ஈரத்துக்கு உப்பி, வறட்சிக்குச் சுருங்கும். இன்று பல நன்பான் பெட்டகங்களில் பூச்சு அடியோடு தூக்கிக்கொண்டு நிற்பதற்கு இதுவே முதற்காரணம்.

ஆனால் 1630களின் பிற்பகுதியிலும் 1640களின் தொடக்கத்திலும், கம்பெனியின் உயர் அலுவலர்களுக்காகச் செய்யப்பட்ட ஒரு சிறு தொகுதி, ஷோகுனின் குடும்பத்துக்குச் செய்தவற்றுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. என் கருத்தில், ஏற்றுமதி வேலை என்ற ஒரே சொல்லால் இவ்விரண்டையும் சேர்த்து மதிப்பிடும் வழக்கம் பல நல்ல பொருட்களை நீண்ட காலம் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

மசாரின் பெட்டகங்கள் என்பவை யாவை?

நான் சொன்ன அந்தச் சிறு தொகுதியின் உச்சம் அவை. கியோட்டோவில் கோவாமி குடும்பத்தின் பட்டறையோடு தொடர்புடையவை என்று கருதப்படும் இரு பெரும் பெட்டகங்கள் ஏறத்தாழ 1640இல் செய்யப்பட்டன. அப்போது ஹிராடோவில் டச்சுக் கம்பெனியின் தலைவராக இருந்தவர் பிரான்சுவா காரோன். பொன், வெள்ளி, முத்துச்சிப்பி ஆகியவற்றால் கெஞ்சி கதை முதலிய ஜப்பானிய இலக்கியக் காட்சிகள் அவற்றில் அமைந்துள்ளன. அக்காட்சிகளின் பொருள் ஐரோப்பாவில் எவருக்கும் தெரியாதபோதிலும், இவ்வளவு உழைப்பை ஓர் அந்நியனின் பெட்டகத்தில் செலுத்திய அந்தப் பட்டறையை எண்ணி நான் வியக்காத நாளில்லை.

பிரான்சின் முதலமைச்சராக இருந்த கர்தினால் மசாரினின் குடும்பத்திடம் அவை சேர்ந்தன. லண்டனிலுள்ள பெட்டகத்தின் சாவியில் மசாரின்–லா மெய்யெரே குடும்பத்தின் சின்னம் இருக்கிறது. பின்னர் ஆங்கிலேயச் சேகரிப்பாளர் வில்லியம் பெக்ஃபோர்டிடமும், அவருடைய மருமகனான ஹாமில்டன் கோமகனிடமும் அவை போயின. ஹாமில்டன் மாளிகையின் செல்வங்கள் 1882இல் ஏலம் விடப்பட்டபோது, சிறிய பெட்டகத்தை இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று வழங்கும் நிறுவனம் வாங்கிக்கொண்டது. பெரியது தனியாரிடம் சென்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தடயமின்றிப் போயிற்று. அருங்காட்சியகத்தார் அதைப் பல பத்தாண்டுகள் தேடினார்கள்.

அது லண்டனிலேயே இருந்திருக்கிறது. 1970இல் ஒரு பிரெஞ்சுப் பொறியாளர் அதை 100 பவுண்டுக்கு வாங்கினார். அதன்மேல் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்திருந்தார். ஓய்வு பெற்றபின் பிரான்சில் லுவார் பள்ளத்தாக்கிலுள்ள வீட்டுக்குக் கொண்டுபோய், மதுப்புட்டிகள் வைக்கப் பயன்படுத்தினார். அவருடைய மறைவுக்குப் பின் வீட்டுப் பொருட்களை மதிப்பிட வந்த ஏலக்காரர்கள் அது என்னவென்று கண்டுகொண்டார்கள். 2013 ஜூனில் நடந்த ஏலத்தில் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அதைச் சுமார் 73 லட்சம் யூரோவுக்கு வாங்கியது.

பாரிசில் ஜப்பானிய அலமாரிகளை ஏன் அறுத்தார்கள்?

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசின் ஆடம்பரப் பொருள் வணிகர்களுக்கு இரண்டு சிக்கல்கள் இருந்தன. புதிய ஜப்பானியச் சரக்கு மிகக் குறைவாகவே வந்தது. பழைய நேர்கோட்டு அலமாரிகளோ நாகரிகம் மாறிய அறைகளுக்குப் பொருந்தவில்லை. வாடிக்கையாளர் கேட்டது வயிறு போல் வளைந்த முகப்புள்ள இழுப்பறைப் பெட்டிகளை. எனவே வணிகர்கள் ஐம்பது, நூறு ஆண்டுப் பழைமையான அலமாரிகளையும் பெட்டகங்களையும் வாங்கித் தச்சர்களிடம் கொடுத்தார்கள்.

அலமாரிக் கதவின் வெளிப்புறம், உட்புறம் இரண்டிலும் பொன்வேலை இருப்பதால், பலகையை நடுவே பிளந்தால் இரண்டு தகடுகள் கிடைக்கும். பின்புற மரத்தை இழைத்து இழைத்து, உருஷிப் படலமும் அதைத் தாங்கும் மிக மெல்லிய மரமும் மட்டும் எஞ்சும்படி செய்து, ஈரமும் சூடும் கொடுத்து வளைத்து, புதிய பெட்டியின் முகப்பில் வினீர் போல ஒட்டினார்கள். இணைப்புகளைப் பொன்முலாம் பூசிய வெண்கல அலங்காரங்கள் மறைத்தன. படம் போதாத ஓரங்களில் பாரிசிலேயே போலி உருஷி பூசி, பொன்கிளைகளை நீட்டி வரைந்தார்கள். இறுகிய உருஷி வளையும்போது வெடிக்கக்கூடியது; ஒரு தவறு முழுக் கதவையும் பாழாக்கிவிடும். அந்தத் தச்சர்களின் கைத்திறனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

இம்முறையில் செய்யப்பட்டவற்றுள் ஆவணச் சான்றுடைய மிகப் பழையது, வணிகர் எபேர் 1737இல் ஃபோன்டென்புளோ அரண்மனையில் அரசி மரி லெஷ்சின்ஸ்காவுக்குக் கொடுத்த இழுப்பறைப் பெட்டி. செய்தவர் இரண்டாம் பெர்னார் வான் ரிசென்பர்க். அது இப்போது லூவரில் உள்ளது. நூற்றாண்டின் இறுதியில் நேர்கோடுகள் மீண்டும் நாகரிகமானபோது, மார்த்தான் கார்லான், ஆதாம் வைஸ்வைலர், ஜான்-ஆன்ரி ரீசனேர் போன்றோர் தகடுகளை வளைக்காமல் சட்டமிட்ட ஓவியம் போலப் பதித்தார்கள். ரீசனேர் 1783இல் பிரெஞ்சு அரசி மரி ஆன்துவானெத்துக்குச் செய்த எழுத்து அலமாரியும் இழுப்பறைப் பெட்டியும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இது அழிவா, புதிய படைப்பா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டுமே உண்மை, ஆயினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறுக்கப்படாமல் எஞ்சிய ஒவ்வொரு அலமாரிக்கும் பின்னால், அதை வாங்கி மாற்றமின்றி வைத்திருந்த ஒரு குடும்பம் இருக்கிறது. பாரிசின் பெட்டிகளைப் பெயர் சொல்லிப் புகழும் வரலாறு, அவர்களுக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

குறிப்பிடத்தக்க சேகரிப்பாளர்கள் யார்?

அறுபட்ட தகடுகளை விரும்பிய அதே சமூகத்தில், சிறு பெட்டிகளை முழுமையாக வைத்துப் போற்றியவர்களும் இருந்தார்கள். ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா 1780இல் மறைந்தபோது, ஏறத்தாழ ஐம்பது ஜப்பானியச் சிறு பெட்டிகளைத் தம் மகள் மரி ஆன்துவானெத்துக்கு விட்டுச் சென்றார். மகளும் அந்தத் தொகுப்பை வளர்த்தார். 1789இல் அரச குடும்பம் வெர்சாயை விட்டு வெளியேற நேர்ந்தபோது, அது தகேர் என்ற வணிகரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டதால் சிதறாமல் தப்பியது. அப்பெட்டிகள் இன்று லூவர், வெர்சாய், கீமே அருங்காட்சியகங்களில் உள்ளன.

பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயியின் காதலியான மதாம் த பொம்பதூரிடம் இருந்தவற்றுள் மிகப் பெயர்பெற்றது வான் டீமன் பெட்டி. பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சுக் கம்பெனியின் தலைமை ஆளுநராக 1636 முதல் 1645 வரை இருந்த அந்தோனி வான் டீமனின் மனைவி மரியாவின் பெயர் அதன் மூடியின் உட்புறத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அதுவும் பிற்பாடு பெக்ஃபோர்டிடம் சேர்ந்தது. அவரளவு தேர்ந்த கண் கொண்ட சேகரிப்பாளர் இத்துறையில் அரிது. மிக நல்ல பழைய பொருட்களையே தேடினார், அவற்றின் முன்னுரிமையாளர் வரலாற்றையும் மதித்தார். இன்று நாம் இந்தப் பொருட்களின் பயணத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிவதற்கு அவர் ஒரு காரணம்.

கோரமண்டல் திரைகள் நம் சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டவையா?

இல்லை. அவை சீனாவில் செய்யப்பட்டவை. கறுப்புப் பூச்சைச் செதுக்கி, பள்ளத்தில் வண்ணம் நிரப்பிய பல மடிப்புத் திரைகள் அவை. சோழமண்டலக் கரையிலிருந்த ஐரோப்பியக் கம்பெனிகளின் துறைமுகங்கள் வழியே கப்பல் மாறிச் சென்றதால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஜப்பானிய மாகி-எ வேலைக்கும் அவற்றுக்கும் செய்முறையில் தொடர்பில்லை. பாரிசின் தச்சர்கள் அவற்றையும் அறுத்துப் பயன்படுத்தினார்கள் என்பதால் ஏலப் பட்டியல்களில் இரண்டும் அருகருகே வருகின்றன.

ஐரோப்பாவிலேயே உருஷி பூச முடியவில்லையா?

மரமும் இல்லை, பாலைக் கெடாமல் கொண்டுவரவும் வழியில்லை. ஆகவே சுண்ணம் கலந்த அடிப்பூச்சின் மேல் அவலரக்கு, சந்துருஸ் போன்ற பிசின்களை ஸ்பிரிட்டில் கரைத்துப் பல முறை பூசி மெருகேற்றினார்கள். இங்கிலாந்தில் இம்முறையை விளக்கும் கையேடு ஒன்றை ஸ்டாக்கரும் பார்க்கரும் 1688இல் வெளியிட்டார்கள். பெர்லினில் ஜெரார்ட் டாக்லியும், பாரிசில் மார்த்தான் சகோதரர்களும் இதில் புகழ்பெற்றார்கள். போலி என்று இவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. வெள்ளை, பச்சை, நீலம் என்று உருஷியால் தர முடியாத வண்ணங்களை இம்முறை தந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை எப்படி மாறியது?

ஜப்பானின் துறைமுகங்கள் 1850களில் திறந்தன. 1868இல் ஷோகுன் ஆட்சி முடிந்து பிரபுக்களின் குடும்பங்கள் வருவாய் இழந்தபோது, உள்நாட்டிலேயே போற்றப்பட்ட பழைய பொருட்கள் முதன்முறையாகச் சந்தைக்கு வந்தன. பாரிசில் சீக்ஃப்ரீட் பிங், ஹயாஷி தடமாசா ஆகிய வணிகர்களிடம் பிலிப் புர்த்தி, எட்மோன் த கோன்கூர் போன்றோர் வாங்கினார்கள். அவர்கள் நாடியவை பெரும்பாலும் கையடக்கப் பெட்டிகள். பெரிய மரச்சாமான்கள் அல்ல.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1873ஆம் ஆண்டு வியன்னா உலகக் கண்காட்சிக்குச் சென்ற ஜப்பானியப் பொருட்களை ஏற்றித் திரும்பிய நீல் என்ற பிரெஞ்சுக் கப்பல், 1874 மார்ச்சில் இசு தீபகற்பத்துக்கு அருகே மூழ்கியது. ஓராண்டுக்கு மேல் கடலடியில் கிடந்த உருஷிப் பொருட்கள் சில ஏறக்குறைய சேதமின்றி மீட்கப்பட்டன. கடல்நீர் செய்யாத கேட்டை மாளிகைச் சன்னல் வழியே வரும் வெயில் செய்துவிடுகிறது என்பதே இத்துறையின் துயரம்.

பழைய ஜப்பானியப் பொருளை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் பொன்னை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். ஜப்பானிய வேலையில் பொன் தனித்தனித் துகள்களாகத் தூவப்பட்டிருக்கும், அடர்த்தி மெல்லக் குறைந்து மறையும். சீன ஏற்றுமதி வேலையிலும் ஐரோப்பியப் போலிகளிலும் தூரிகையால் வரைந்த பொன் சீரான படலமாகத் தெரியும். இழுப்பறைகளின் உட்புறத்தையும் கதவின் பின்புறத்தையும் பாருங்கள். நல்ல ஜப்பானியப் பட்டறை அங்கும் பொன்துகள் தூவியிருக்கும். செம்பாலான கீல்கள், மூலைத் தகடுகள், பூட்டுத் தகடு ஆகியவற்றில் நுண்ணிய செதுக்குவேலையும் முலாமும் இருக்கும். பூச்சு உதிர்ந்த இடத்தில் வெண்மையான சுண்ண அடிப்பூச்சு கெட்டியாகத் தெரிந்தால் ஐரோப்பியப் பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்பிரிட் தொட்டுச் சோதித்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உண்மையான உருஷியாக இருந்தாலும் வெயிலில் நலிந்த மேற்பரப்பு வெளுத்துக் கறைபடும். அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுவதே முறை. யானைத்தந்தம், ஆமையோடு பதித்த மெய்ஜி காலப் (1868–1912) பொருட்களை நாடு விட்டு நாடு கொண்டுசெல்லவும் விற்கவும் சட்டத் தடைகள் உண்டு. பிரிட்டனில் தந்தப் பொருள் விற்பனைக்கான கடும் சட்டம் 2022 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது.

இவற்றை எப்படிப் பாதுகாக்க வேண்டும்?

ஒளிதான் முதற்பகை. புற ஊதாக் கதிர்கள் உருஷியின் மேற்படலத்தைச் சிதைத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகளை உண்டாக்குகின்றன. ஆழ்ந்த கறுப்பு முதலில் மங்கிப் பழுப்பாகிறது. பிறகு நீர்த்துளியும் விரல்ரேகையும்கூட நிலையான தழும்பை ஏற்படுத்தும் நிலைக்கு வந்துவிடுகிறது. நேர் வெயில் படவே கூடாது. அருங்காட்சியகங்களில் பொதுவாக 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியே அனுமதிக்கப்படுகிறது. அடுத்தது வறட்சி. ஜப்பானின் ஈரக்காற்றில் பிறந்த மரம், குளிர்காலத்தில் சூடாக்கப்படும் ஐரோப்பிய அறையில் சுருங்கி, மேலே உள்ள இறுகிய படலத்தைப் பிளக்கிறது. ஈரப்பதம் அளவோடும் ஏற்ற இறக்கமின்றியும் இருக்க வேண்டும். தூசியை மென்மையான உலர்ந்த தூரிகையால் மட்டும் நீக்கலாம். எண்ணெய், மெழுகு, பாலிஷ், ஈரத்துணி எதுவும் வேண்டாம்.

பழுதுபார்ப்பதில் ஏன் இவ்வளவு கருத்து வேறுபாடு?

ஐரோப்பியர்கள் மங்கிய பெட்டகத்துக்கு அவலரக்கு வார்னிஷ் பூசிப் பளபளப்பாக்கினார்கள். மீண்டும் மங்கும்போது மீண்டும் பூசினார்கள். காலப்போக்கில் அந்த வார்னிஷ் மஞ்சளாகி, பொன்னின் நுட்பத்தையும் கறுப்பின் ஆழத்தையும் மறைத்துவிட்டது. வார்னிஷைக் கரைக்கும் ஆல்கஹால் நல்ல நிலையிலுள்ள உருஷியை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒளியால் நலிந்த உருஷியைச் சேதப்படுத்தும். ஆகவே எதை, எவ்வளவு நீக்கலாம் என்பதைச் சதுர அங்குலம் சதுர அங்குலமாக முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

ஜப்பானிய மரபில், நலிந்த மேற்பரப்பில் நீர்த்த உருஷியைத் தடவி, வெடிப்புகளுக்குள் இறங்கவிட்டு, மிகுதியைத் துடைத்து எடுத்துவிடுவார்கள். இது பூச்சை உறுதியாக்கும், கறுப்பையும் மீட்டுத் தரும். ஆனால் ஒருமுறை செய்தால் திரும்ப எடுக்க முடியாது. எப்போது வேண்டுமானாலும் நீக்கக்கூடிய பொருட்களையே பயன்படுத்த வேண்டும் என்பது மேலை அருங்காட்சியகங்களின் நெறி. லண்டனிலுள்ள மசாரின் பெட்டகத்துக்காக 2004இல் தொடங்கிய பெருந்திட்டத்தில் ஜப்பானிய வல்லுநரும் பிரிட்டிஷ் வல்லுநரும் இணைந்து பணியாற்றி, இரு மரபுகளையும் சேர்த்துக் கொள்ளும் ஓர் அணுகுமுறையை வகுத்தார்கள். அத்திட்டம் இத்துறை முழுவதற்கும் வழிகாட்டியாக அமைந்தது என்றே நான் கருதுகிறேன். புதிதுபோல் மின்னும் பெட்டகத்தைக் கேட்கும் உரிமையாளர்கள், பழுது நீக்கிய பின்னும் வயது தெரியும்படி விடப்பட்ட அந்தப் பெட்டகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

எங்கே நேரில் பார்க்கலாம்?

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் ஜப்பான் காட்சிக்கூடத்துக்கு முதலில் செல்லுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. நன்பான் பொருட்களுக்கு லிஸ்பனின் தேசியப் பழங்கலை அருங்காட்சியகமும், பாரிசில் மறுபிறவி எடுத்தவற்றுக்கு லூவரின் மரச்சாமான் கூடங்களும், டச்சு வணிகத்தின் சுவடுகளுக்கு ரைக்ஸ்மியூசியமும் சிறந்தவை. கூடங்கள் மங்கலாகவே இருக்கும். கண் பழகச் சில நிமிடங்கள் ஆகும். நேர் எதிரே நிற்காமல் சற்றுக் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள், புடைப்பு வேலையின் உயரம் அப்போதுதான் தெரியும்.